பெயர் சொல்ல விரும்பாத தோழி

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று எட்டுக் கட்டுரை. ஒரு கிரிக்கெட் வீரரின் மனைவி போட்ட படத்தில் கையில் மோதிரம் இல்லை என்பதை வைத்து இரண்டு. ஒரு பயிற்சியாளர் சொன்ன ஒரே வாக்கியத்தை வைத்து மூன்று தலைப்பில் மூன்று. மீதி மூன்றும் வேறு தளங்களில் வந்ததை மாற்றி எழுதியவை. எட்டுத் தலைப்பில் ஆறில் 'அதிர்ச்சி' இருக்கிறது. எனக்கு அதிர்ச்சியாக இருந்தது மதியச் சாப்பாட்டில் உப்பே இல்லாததுதான்.

'முதல்பந்து' விளையாட்டுச் செய்தித் தளத்தில் சேர்ந்து எட்டு மாதம். நேர்காணலில் பிரபாகர் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "ஸ்டேட் லெவல் ஹாக்கி ஆடியிருக்கீங்களா? சூப்பர் செல்வி, நமக்கு இந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்றார். அவர்தான் இங்கே செய்திப் பொறுப்பாளர். நான் இதுவரை ஹாக்கி பற்றி நான்கு கட்டுரை கொடுத்தேன். ஒன்று வந்தது. நூற்றுப் பதினேழு பேர் படித்தார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு முறை நானே திறந்து பார்த்தது.

மாலை கூட்டம் போட்டார். ஆறு பேரில் இரண்டு பேரை இந்த மாதக் கடைசியில் அனுப்பப்போகிறார்களாம். "வியூஸ் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. நான் பண்றது இல்லப்பா, மேல பண்றாங்க." சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. போன மாதப் பட்டியலில் நான் ஆறாவது.

பதினாலாயிரம் ரூபாய் வேலை. போனால் என்ன என்று சொல்லிக்கொள்ளலாம். வாடகை வாங்கும் ஹாஸ்டல் அக்காவிடம் அப்படிச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாளை பெண்கள் ஹாக்கி ஆசியத் தொடரின் அரையிறுதி. கோல் காக்கப்போவது நம் இசக்கியம்மாள்.

விளையாட்டு விடுதியில் நான்கு வருடம் நானும் அவளும் ஒரே அறை. கோவில்பட்டியிலிருந்து ஒரே பேருந்தில் போனோம். அவள் கோல்கீப்பர், நான் தடுப்பு ஆட்டக்காரி. எனக்கு முழங்கால் போனது. அவள் இந்திய அணிக்குப் போனாள். இப்போது ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் இருக்கிறது. பொங்கலுக்குப் பேசினோம். முன்னோட்டம் எழுதட்டுமா என்று பிரபாகரிடம் கேட்டேன்.

"யாரு படிப்பா செல்வி?"

ஆகஸ்ட் 6, புதன்

தோற்றுவிட்டோம். 2-3.

மூன்று மணிக்கு ஆட்டம். அதே நேரத்தில் ஒரு கிரிக்கெட் அணி அறிவிப்பு வந்ததால் நான் தலை நிமிரவில்லை. ஐந்து மணிக்கு அலுவலகம் முழுவதும் ஒரே காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீடியோ வெட்டுகிற நௌஷாத் அதைப் பன்னிரண்டு நொடிக்குச் சுருக்கிப் போட்டிருந்தான். எதிரணிப் பெண் பந்தோடு வருகிறாள். இசக்கி கோல் முன்னால் ஒரு கையை அந்தரத்தில் தூக்கியபடி இரண்டு நொடி அசையாமல் நிற்கிறாள். பந்து அவளுக்குப் பக்கத்திலேயே உள்ளே போகிறது.

'சிலை', 'தூங்கிட்டா', 'எவ்வளவு வாங்குனா?' இப்படியே ஆயிரக்கணக்கில் கருத்துகள்.

எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஏன் நின்றாள்?

ஆகஸ்ட் 7, வியாழன்

இசக்கிக்கு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. அணியோடு பயணத்தில் இருப்பாள்.

மதியம் பிரபாகர், "கோல்கீப்பர் உங்க ஊருன்னு சொன்னீங்கல்ல? வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்" என்றார். கீழே கடையில் நின்று பொதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். விடுதி வாழ்க்கை, சாப்பாடு, அந்தக் காலம். பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை ஏழு மணிக்கு நம் தளத்தில் வந்துவிட்டது.

'2 நொடி உறைந்த இந்திய கோல்கீப்பர்! 9 ஆண்டுகளாக மறைத்த வலிப்பு நோய்? உடன் தங்கிய தோழி சொன்ன பகீர் தகவல்!'

எழுதியவர் பெயர் இல்லை. 'முதல்பந்து டீம்' என்று போட்டிருக்கிறது. பதினாறு வயதில் விடுதி அறையில் அவளுக்கு வலிப்பு வந்தது, வார்டனிடம் சொல்லாதே என்று கெஞ்சியது, தோழி அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தது என்று எல்லாமே இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னவர் 'பெயர் சொல்ல விரும்பாத தோழி ஒருவர்'.

இந்தக் காலத்தில் எந்த விஷயமும் யாருக்கும் தெரியாமல் இருப்பதில்லை. விடுதியில் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

ஒரு இடத்தில் 'மயங்கி' என்பது 'மயக்கி' என்று இருந்தது. உள்ளே போய்த் திருத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

பதினொரு லட்சம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்தால் கவனிப்பார்கள்.

மாலை துணி துவைத்தேன். ஹாஸ்டலில் சனிக்கிழமைதான் எங்கள் மாடிக்குத் தண்ணீர். இரண்டு பக்கெட் அலசியும் சட்டையில் சோப்பு போகவில்லை என்று மூன்றாவது பக்கெட் பிடித்தேன். பின்னால் நின்ற பெண் சத்தம் போட்டாள். அவள் சொன்னது சரிதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இசக்கி அழைத்தாள். அலுவலகப் படிக்கட்டில் நின்று பேசினேன்.

"ஏட்டி பாக்கியம், நல்லா இருக்கியா?"

இங்கே எல்லோருக்கும் நான் செல்வி. பாக்கியசெல்வியில் முன்பாதியைச் சொல்லிக் கூப்பிட இப்போது இவளும் இவள் வீட்டாரும்தான்.

"இருக்கேன். நீ எப்படி இருக்க? போன் அடிச்சேன்..."

"பாத்தேன். நீ அந்த முதல்பந்துலதான வேல பாக்க?"

"ஆமா."

"அத யாரு எழுதுனான்னு கேட்டுச் சொல்லுவியா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். படிக்கட்டில் யாரோ இறங்கி வந்தார்கள், அதனால்தான்.

"விசாரிக்கேன். இங்க ஒரே செய்திய பல பேரு எழுதுவாக."

"சரி. விசாரி."

அவள் உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பிறகு அவள்தான் வைத்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மற்ற தளங்கள் எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டன. ஒன்றில் 'வலிப்பு நோய்?' என்பதிலிருந்த கேள்விக்குறி போய்விட்டது. இன்னொன்றில் மாநில விடுதி, தேசிய முகாம் ஆகிவிட்டது. ஒரு யூடியூபர் அவள் கை தூக்கியிருக்கிற படத்தைப் பெரிதாக்கி, விரல் விறைத்திருப்பதைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுகிறார்.

இசக்கியின் அண்ணன் சுடலைமுத்து அழைத்தார். அவரைச் சிறு வயதிலிருந்து தெரியும். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார்.

"எம்மா பாக்கியம், அவ ஆபீஸ்ல மெடிக்கல் போர்டு முன்னால வந்து நிக்கச் சொல்லி லெட்டர் போட்டுட்டாவ. அடுத்த கேம்ப்ல பேரு இல்ல. ரிப்போர்ட் வந்த பொறவு பாப்போம்னு சொல்லுதாவ. நீ உள்ளுக்க இருக்க பிள்ள, அத எடுக்கச் சொல்லக் கூடாதா?"

"கேக்கேன் அண்ணாச்சி."

"கேளும்மா. ஒன்னத்தான் நம்பியிருக்கோம்."

கேட்டேன். பிரபாகர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். "எடுத்துடலாம் செல்வி. ஆனா இப்ப எடுத்தா பொய்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மாசம் முடியட்டும், சைலண்ட்டா எடுத்துடுறேன்."

ஆகஸ்ட் 14, வியாழன்

எட்டுக் கட்டுரை.

ஆகஸ்ட் 16, சனி

அலுவலகத்தில் நானும் நௌஷாத்தும் மட்டும். அவன் பிரியாணி கொண்டுவந்திருந்தான், பாதியை என் தட்டில் வைத்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டான்.

"அந்தத் தோழி நீங்கதானே அக்கா?"

"இல்ல" என்றேன்.

"சரி" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. அவன் நம்பவில்லை என்பதைவிட, நம்பாததைக் காட்டிக்கொள்ளாததுதான் தாங்க முடியவில்லை.

இந்த நோட்டை நான் ஒருத்திதான் படிக்கிறேன். இதிலுமா?

நான்தான். டீக்கடையில் பிரபாகர் எதையும் பிடுங்கவில்லை. "அவங்க ஏன் நின்னாங்கன்னு உங்களுக்கு ஏதாவது ஐடியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். நானாகச் சொன்னேன். சொல்லும்போது ஒருவர் நான் சொல்வதை இத்தனை கவனமாகக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது என்று தோன்றியது. பிறகு மேலே வந்து நானே தட்டச்சு செய்தேன். இருபது நிமிடம். இங்கே நான் எழுதியதிலேயே எங்கும் நிற்காமல் ஓடிய கட்டுரை அதுதான். 'பெயர் சொல்ல விரும்பாத' என்று போட்டதும் நான்தான். 'பகீர்' மட்டும் பிரபாகர் சேர்த்தது.

விடுதியில் எத்தனையோ பேர் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். அந்த அறையில் இரண்டு பேர்தான் இருந்தோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இசக்கி சென்னை வந்தாள். நரம்பியல் மருத்துவரிடம் பரிசோதனை. "ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கேன், வா" என்று செய்தி அனுப்பினாள். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போகும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். எல்லாமே 'ஆனால்' என்று முடிந்தன.

எதிரே ஜூஸ் கடை. இசக்கியின் தலைமுடியில் பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மூளை அலைகளைப் பார்க்க ஒயர் ஒட்டினார்களாம். அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"விசாரிச்சியா?"

"இசக்கி, அது வந்து..."

"ஏட்டி, எனக்குத் தெரியும். சாவிக்கொத்துன்னு வாசிச்சதுமே தெரியும். எங்க அம்மைக்கே நான் அதச் சொன்னது இல்ல."

"பொறவு ஏன் கேட்ட?"

"நீயா சொல்லுதியான்னு பாத்தேன்."

கடைக்காரர் இரண்டு சாத்துக்குடி கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் தொடவில்லை.

"வேல போயிரும்னு பயந்துட்டேன்" என்றேன்.

"எனக்கும் வேலதான்ட்டி." அவள் குரல் உயரவே இல்லை. "மூணு வருசம் மாத்திர தின்னேன். டாக்டரே நிறுத்துனாரு. அதுக்குப் பொறவு ஆறு வருசமா ஒண்ணும் இல்ல. அந்தப் பேப்பர் எல்லாம் எங்கிட்ட இருக்கு, காட்டிருவேன். அத விடு. ஒண்ணு கேக்கேன். நீ ஹாக்கி ஆடுனவதான? நான் ஏன் கைய தூக்குனேன்னு ஒனக்குத் தெரியலையா?"

நான் மேசையில் இருந்த ஈரத்தை விரலால் துடைத்தேன்.

"மேட்ச பாத்தியா நீ?"

"வீடியோ பாத்தேன்."

"அந்தப் பன்னெண்டு செகண்டா?" அவள் எழுந்தாள். "மேட்ச பாரு. பாத்துட்டுப் பேசு."

ஜூஸுக்கு அவளே கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 20, புதன்

மதிய இடைவேளையில் நௌஷாத்திடம் முழு ஆட்டத்தையும் கேட்டேன். அவன் கணினியில் இருந்தது. ஒரு ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு பார்த்தோம். என்ன ஆட்டம் ஆடியிருக்கிறாள். முதல் பாதியில் மட்டும் ஆறு பந்தைத் தடுத்தாள். ஒன்றைப் படுத்தபடி இடது காலால். இதை எழுத வேண்டும் என்றுதானே நான் இந்த வேலைக்கு வந்தேன்.

அந்த மூன்றாவது கோல். எதிரணிப் பெண் கோலுக்கு முன்னாலுள்ள வளையத்துக்குள் வரும்போது பந்து துள்ளி அவள் வலது பாதத்தில் படுகிறது. நன்றாகப் படுகிறது, திசையே மாறுகிறது. ஹாக்கியில் அது தவறு, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இசக்கி பார்த்துவிட்டாள். கையைத் தூக்கி நடுவரிடம் முறையிடுகிறாள். விசில் வரும் என்று நிற்கிறாள். விசில் வரவில்லை. மூன்றாம் நடுவரிடம் போகும் வாய்ப்பை அணி முன்பே தீர்த்துவிட்டிருந்தது.

விசில் வருமுன் நிற்கக்கூடாது. அது அவள் தவறு, ஆட்டத்துத் தவறு. அவ்வளவுதான் நடந்தது.

நௌஷாத் ஹெட்போனைக் கழற்றினான். "காலுல பட்டதுக்கு அப்புறம்தான் கட் பண்ணியிருக்கேன் அக்கா. எனக்கு ரூல் தெரியாது. சின்னதா இருந்தாத்தான் ஓடும்னு..." என்று இழுத்தான். "உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவன் கேட்டிருந்தாலும் நான் தலை நிமிர்ந்திருப்பேனா என்று தெரியவில்லை.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதினேன். மோதிரமும் மனைவிகளும் அப்படியே கிடக்கட்டும் என்று காலையிலிருந்து இதை மட்டும் எழுதினேன். பந்து காலில் பட்டது, அவள் முறையிட்டாள், இதோ முழுக் காட்சி. போன கட்டுரையை எழுதியது நான். அதில் வந்த தோழியும் நான். பதினாறு வயதில் ஒரு சிநேகிதி நம்பிக்கையில் என்னிடம் விட்டதை, ஆட்டத்தைப் பார்க்காமலே, அவள் அனுமதி இல்லாமல் விற்றேன். கீழே என் முழுப் பெயர்.

பிரபாகர் இரண்டு முறை படித்தார்.

"நல்லா இருக்கு செல்வி. நிஜமாவே. எட்டு மாசத்துல நீங்க எழுதினதுல பெஸ்ட் இதுதான்."

"போடுங்க சார்."

"போட முடியாது." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "போட்டா நான் போவேன், நௌஷாத் போவான். மேல இருக்கறவன் போக மாட்டான். உங்களுக்குத் தெரியுமா, லிஸ்ட்ல நீங்க இப்ப முதல் இடம். உங்க பேரு வராது."

"யாரு பேரு வரும்?"

சொன்னார். அந்த இரண்டு பேரில் ஒருத்தி போன மாதம்தான் வீட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கட்டுரையை என் முகநூல் பக்கத்தில் போட்டேன். பிறகு கையெழுத்திட்டு இரண்டு கடிதம்: இசக்கியின் அலுவலகத்துக்கு ஒன்று, ஹாக்கி சங்கத்துக்கு ஒன்று. பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் நிலையத்துப் பெண், "உள்ள என்ன?" என்று கேட்டார். "கடிதம்தான்" என்றேன்.

பதினொரு மணிக்கு பிரபாகர் கூப்பிட்டார். என் பதிவை மேலே யாரோ பார்த்துவிட்டார்கள். நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தேனாம். அடையாள அட்டையைக் கொடுத்தேன். அவர் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார்.

லிஃப்ட் வரை நௌஷாத் வந்தான். முழு ஆட்டத்தின் கோப்பை எனக்கு அனுப்பியிருப்பதாக மெதுவாகச் சொன்னான்.

ஆகஸ்ட் 30, சனி

என் பதிவை முந்நூற்று நாற்பது பேர் படித்திருக்கிறார்கள். பழைய கட்டுரை இன்னும் இருக்கிறது. இருபத்தாறு லட்சம்.

பட்டியலில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தியை வைத்துக்கொண்டார்களாம். என் இடம் காலியானதால். அவள் நன்றி சொல்லி அழைத்தாள். எதற்கும் நன்றி வாங்கிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

ஹாஸ்டல் அக்கா ஒரு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

இசக்கியிடமிருந்து செய்தி.

'டாக்டர் ஃபிட்னு எழுதிட்டாரு. வேலைக்கு ஒண்ணும் இல்ல. உன் லெட்டர போர்டுல வாசிச்சாங்க. கேம்ப்ல வேற ஆள் போட்டாச்சு.'

மன்னித்தேன் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பதில் எழுத ஆரம்பித்து ஐந்து முறை அழித்தேன். கடைசியில் 'சரி' என்று மட்டும் அனுப்பினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழும்பூர் மைதானத்தில் லீக் ஆட்டம். இசக்கியின் அலுவலக அணி ஆடுகிறது என்று பேப்பரில் மூலையில் ஒரு வரி பார்த்தேன். அவளுக்குச் சொல்லாமல் போனேன். வெயில் கடுமை. மொத்தம் நூறு பேர் இருப்பார்கள்.

அவள் கோல் முன்னால் வந்து நின்று கோல் கம்பங்களை மட்டையால் இருபுறமும் தட்டினாள். மூன்றாவது நிமிடம் ஒரு பந்தைத் தடுத்தாள். எனக்குக் கீழ்வரிசையிலிருந்து ஒருவர் கையைக் குவித்துக் கத்தினார்.

"ஏம்மா கீப்பரு! மாத்திர போட்டியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இசக்கி திரும்பவில்லை. கேட்காமல் இருந்திருக்காது, அத்தனை பக்கத்தில் இருந்தாள்.

நான் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐம்பது வயது இருக்கும். கையில் சுண்டல் பொட்டலம். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற மாதிரியான முகம்.

"சார், அந்தச் செய்தி தப்பு. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்குப் பந்து காலுல பட்டுச்சு, அதுக்குத்தான் கை தூக்குனாங்க."

"அப்படியா? நெட்ல போட்டிருந்தானேம்மா."

"அத எழுதுனது நான்தான் சார்."

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். கேலி செய்கிறேனா என்று யோசித்திருப்பார். பிறகு கேட்டார்.

"நீதான் எழுதுனியா? கூட இருந்த பொண்ணு சொன்னதுன்னு போட்டிருந்துச்சே?"

"அந்தப் பொண்ணும் நான்தான்."

"அப்ப உனக்குத் தெரிஞ்சுதானே எழுதியிருப்ப? உண்மையாத்தானே இருக்கும்?"

அவர் கெட்டவர் இல்லை. படித்ததை நம்பியவர். எதிர்க்கோலில் எங்கோ விசில் ஊதியது. அவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தார், பதிலுக்காக. சுண்டல் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். "கொஞ்சம் நேரம் ஆகும் சார், பரவால்லையா?" என்று கேட்டுவிட்டு, எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது என்று தொடங்கப்போய், நிறுத்தினேன். அது என்னுடையது இல்லை. ஒருமுறை கொடுத்தது போதும்.

"ஆகஸ்ட் ஆறாம் தேதி மூணு மணிக்கு மேட்ச் சார்" என்று ஆரம்பித்தேன். "நான் அத பாக்கல."